இருநூற்றுப் பன்னிரண்டாம் வாசகர்

"எனக்கு எதுக்கும்மா கார்டு? நான் வாழ்க்கையில முழுசாப் படிச்சதே லிப்ட் மேனுவல்தான். அதுலயும் கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்துச்சு."

"புதுசா பத்துப் பேரை லைப்ரரியில சேர்த்துவிடணும்பா. அதுதான் எங்களுக்குப் பயிற்சி. ஒன்பது பேர் ஆயிட்டாங்க."

"அப்ப நான் கணக்குக்கு ஆளா?"

"ஆமா, கணக்குக்குத்தான். புத்தகம் எடுத்தே ஆகணும்னு இல்ல."

"அப்ப சரி, போடு. போட்டோ மட்டும் நல்லதா எடு. லைசென்ஸ்ல இருக்கிறவன் திருடன் மாதிரி முழிக்கிறான்."

"லைசென்ஸ்ல இருக்கிறது நீங்கதான்பா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

இந்தப் பேச்சு நடந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. மகள் அப்போது நூலக அறிவியல் முதுகலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஆறு வருஷம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் விபத்துகளைத் தட்டச்சு செய்துவிட்டு, இருபத்தொன்பது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை வேலையை விட்டவள் அவள். செய்தி கேட்டு அத்தை போன் செய்து, "புத்தகத்தை அடுக்கி வைக்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்றாள். அப்பா போனை மகள் கையிலிருந்து வாங்கி, "லிப்ட் பட்டனை அமுக்குறதுக்கே எனக்கு மூணு வருஷம் சொல்லிக் குடுத்தாங்க, வைடி போனை" என்று தன் தங்கையை அடக்கினார்.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கமான கட்டடங்களிலிருந்து கூப்பிட்டால் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா இறந்து ஏழு வருஷம். வீட்டில் இரண்டே பேர், மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலியில் மகளுடைய பாடப் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன.

நகரத்தின் எல்லாக் கிளை நூலகங்களிலும் செல்லுகிற அந்த உறுப்பினர் அட்டைக்கான எண்ணை மகளே தன் கையால் கணினியில் ஏற்றினாள். கடைசி நான்கு இலக்கமும் அப்பா பிறந்த ஆண்டாகவே விழுந்தது. மறக்க நினைத்தாலும் மறக்காத எண். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்பா வீட்டில் புத்தகம் எதையும் கையில் எடுத்து அவள் பார்த்ததில்லை. நாள் தவறாமல் செய்தது மாலை நடை ஒன்றுதான். ஐந்து மணிக்குக் கிளம்புவார், ஏழரைக்கு வருவார்.

இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம் வந்தது. வாசகருடைய அந்தரங்கம் பற்றியது. பேராசிரியை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தே பாடம் நடத்துகிறவர். மாணவர்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு மேசை எப்போதும் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர். "யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் நடுவில் உள்ள விஷயம். கேட்பது யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது" என்றார்.

வகுப்பில் 'டீச்சர்' என்று ஒருத்தி இருந்தாள். தொடக்கப் பள்ளியில் பதினேழு வருஷம் பாடம் நடத்திவிட்டு நாற்பது வயதில் படிக்க வந்தவள். அவள் கை தூக்கினாள். "கேக்கிறது கட்டின புருஷனா இருந்தா மேடம்?"

"குறிப்பா அவர்கிட்ட" என்றார் பேராசிரியை, கடிகாரத்திடம்.

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. மகள் சும்மா இருந்திருக்கலாம். ராஜாவை மிஞ்சிய ராஜ விசுவாசத்தோடு எழுந்து, "பெத்த அப்பாவைப் பத்தி நமக்கே தெரிய வந்தாலும், அவர்கிட்டகூட அதைக் காட்டிக்கக் கூடாது மேடம். அவரா சொல்ற வரைக்கும் நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்" என்றாள்.

"உட்காருடி. உங்க அப்பா என்ன வெடிகுண்டு செய்யறது எப்படின்னு புத்தகமா எடுக்கப் போறாரு?" என்று டீச்சர் முதுகில் ஒன்று போட்டு அவளை உட்கார வைத்தாள்.

ஒரு வருஷம் கழித்து அந்த வாய் அவளையே கடித்தது.

அவளுடைய ஆய்வேடு ஒரு கிளை நூலகத்தைப் பற்றியது. நகரத்தின் கிழக்குப் பகுதியில், அவள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் இருந்தது அந்தக் கிளை. அங்கே கடந்த இரண்டு வருஷத்தில் வாசகர்கள் எந்தெந்தத் துறைப் புத்தகங்களை எடுத்தார்கள் என்று அலச வேண்டும். தரவைக் கொடுக்கும்போது கிளையினர் பெயர்களை நீக்கிவிட வேண்டும்; உறுப்பினர் எண்களையும் நீக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் வரிசை எண் போட வேண்டும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேட மாட்டேன் என்று மகள் ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

கிளையினர் பெயர்களை நீக்கினார்கள். எண்களை மாற்ற மறந்துவிட்டார்கள்.

பேராசிரியையிடம் போய்ச் சொன்னாள். "அப்படின்னா நீங்களே மாத்திட்டு, பழைய கோப்பை அழிச்சிடுங்க" என்று பதில் வந்தது. துறையின் கணினி அறையில், ஜன்னலோரம், ஏ.சி. சொட்டுவதற்காக வைத்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு உறுப்பினர் எண்ணாக எடுத்து வரிசை எண் போட்டுக்கொண்டே வந்தாள். இருநூற்றுப் பதினொன்று முடிந்தது. அடுத்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அப்பா பிறந்த ஆண்டு.

அவள் ஒழுங்காக இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டாள். அடுத்த எண்ணுக்குப் போயிருக்க வேண்டும். மனசு போ என்றது, விரல் கேட்கவில்லை. அந்த ஒரு வாசகருடைய வரிகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு சொடுக்கு. அறுபத்து மூன்று வரிகள் வந்து நின்றன.

கணக்குக்கு ஆளாக வந்தவர் அறுபத்து மூன்று முறை புத்தகம் எடுத்திருக்கிறார். அதுவும் வீட்டருகே உள்ள நூலகத்தில் இல்லை, இரண்டு பேருந்து தள்ளி. மாலை நடை எதுவரை போயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

தலைப்புகள் பட்டியலில் இல்லை. வகை எண்கள் மட்டும் இருந்தன. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும் இல்லையா, அது அந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும் எண். இரண்டு வருஷம் அதையே படித்தவளுக்கு அந்த எண்கள் தெருப் பலகை மாதிரி. நூலகம் படிக்கிறவர்கள் கையில் எந்தப் பட்டியல் கிடைத்தாலும் முதல் வேலையாக அதை வகை எண் வரிசையில் அடுக்கிவிடுவார்கள். தையல்காரர் ஆளைக் கண்டதும் தோள் அளவைக் கண்ணால் எடுக்கிற மாதிரி. மகளும் அடுக்கினாள். மேலிருந்து கீழே படித்தாள்.

155. சாவும் துக்கமும் மனதைச் செய்வது. 306. குடும்பம், திருமணம். 346. சொத்து, உயில், வாரிசு. 616, அதுவும் புள்ளிக்குப் பிறகு எட்டு: நரம்பு நோய்கள். இருபத்திரண்டு புத்தகம். 649. படுத்த படுக்கையான நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி. கடைசியில் 747 என்று இரண்டு வரி. அது வீட்டு அலங்காரம். ஏதோ பதிவில் பிழை என்று அதை ஒதுக்கினாள்.

மிச்சத்தைப் படிக்க ஜோசியர் தேவையில்லை. அப்பாவுக்கு நரம்பில் நோய். சீக்கிரம் படுக்கையில் விழப்போகிறார். சாவுக்கு மனதைத் தயார் செய்கிறார், உயில் எழுதப் பார்க்கிறார், பின்னால் குடும்பம் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறார். மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று மாலையே பேய்கள் வரிசையாக வந்தன. அப்பா காபியில் சர்க்கரை வேண்டாம் என்றார். அலமாரியைத் திறந்து பழைய சட்டைகள் பதினொன்றை எடுத்து யாருக்கோ கொடுக்கக் கட்டி வைத்திருந்தார். ஆறு மாதம் தள்ளிப்போட்ட பல் வைத்தியரிடம் போய் வந்திருந்தார். சான்றிதழ் கோப்பு மேசைமேல் இருந்தது. அம்மாவின் இறப்புச் சான்றிதழ் மட்டும் வெளியே எடுக்கப்பட்டுக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது. டம்ளரை நீட்டியபோது அவர் கை நடுங்கியதாகக்கூட அவளுக்குப் பட்டது. டம்ளர் சூடாக இருந்ததை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

கேட்டுவிடலாம்தான். என்ன சொல்லிக் கேட்பது? "உங்க பேர்ல இருக்கிற புத்தகத்தை எல்லாம் பார்த்தேன்" என்றா? கையெழுத்துப் போட்ட தாள் துறை அலமாரியில் இருக்கிறது. வகுப்பில் எழுந்து நின்று சொன்ன வார்த்தை டீச்சர் காதில் இருக்கிறது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு நாள் போயின.

மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. வாசகர்கள் சந்தேகம் கேட்க வருகிற ரெஃபரன்ஸ் மேசையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுப்பார்கள். வாசகர் முதலில் கேட்பது ஒருபோதும் அவருக்கு உண்மையில் வேண்டியதாக இருக்காது. ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்டால் மூடிக்கொள்வார். ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வியும் கூடாது. வாயில் வார்த்தையைத் திணிக்கவும் கூடாது. விரிந்த கேள்வியாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

"அப்பா, நீங்க இப்ப எதைப் பத்தியாவது தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கன்னா, அது என்னவா இருக்கும்?"

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "காபி எப்ப வரும்னு."

"அது இல்லப்பா. பொதுவா. மனசுல என்ன ஓடுது, கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்."

"பொதுவா, விவரமா." யோசித்தார். "பால் திரிஞ்சு போச்சா?"

"உங்களுக்கு என்ன மாதிரி உதவி கிடைச்சா நல்லா இருக்கும்?"

"ஏம்மா, பரிட்சையா? யாராவது பக்கத்துல உட்கார்ந்து மார்க் போடுறாங்களா?" என்று கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "உடம்பு நல்லா இருக்கா உனக்கு?"

உடம்பைப் பற்றிக் கேட்க வந்தவளை உடம்பு நல்லா இருக்கா என்று கேட்டுவிட்டு, அப்பா காலணியை மாட்டிக்கொண்டு மாலை நடைக்குக் கிளம்பிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் அந்தப் படிவம். பாடங்கள் முடிந்ததும் ஆறு மாதம் வேறு நகரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழக நூலகத்தில் தங்கி வேலை பழக வேண்டும். வகுப்புக்கு ஓர் இடம்தான் அங்கே; அது அவளுக்குக் கிடைத்திருந்தது. போகிறேன், போகவில்லை என்ற இரண்டில் ஒன்றைக் குறித்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். மற்ற நூலகங்களில் இருந்த இடங்கள் நிரம்பிவிட்டன. பயிற்சி இல்லாதவருக்குப் பட்டம் இல்லை. ஒத்திப்போட்டால் மறுபடி முதல் பருவத்திலிருந்து தொடங்க வேண்டும். முப்பத்தொரு வயதில் அது ஒத்திப்போடுவது ஆகாது, மூட்டை கட்டுவது.

செவ்வாய்க்கிழமை 'போகவில்லை' என்பதில் குறியிட்டுப் பேராசிரியை மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "வெள்ளி வரைக்கும் இது இங்கேயே இருக்கும்" என்றார். "வியாழக்கிழமை உங்க அட்டவணைகளைக் கொண்டு வாங்க."

டீச்சர் அப்படி விடவில்லை. மதியம் சாப்பாட்டு மேசையில், "உனக்கு என்ன பேய் புடிச்சிருக்கா? கிணறு வெட்டித் தண்ணி வர்ற நேரத்துல மண்ணைப் போட்டு மூடுறியே" என்று பொரிந்தாள்.

"வீட்டுல ஒரு விஷயம் டீச்சர்."

"என்ன விஷயம்?"

"சொல்ல முடியாது."

"காதலா?"

"ஐயோ, இல்ல."

"அதானே பார்த்தேன். அப்படி இருந்தா முகம் இப்படி வடிஞ்ச கஞ்சி மாதிரியா இருக்கும்?"

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள். அவர் வாசலில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊருக்கு நான் போகலப்பா."

துணி நின்றது. "போகலையா? என்னைக்கு முடிவு பண்ணினே?"

"இன்னைக்கு."

"எனக்காகவா?"

"உங்களுக்காகன்னு யார் சொன்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா. நான் நல்லா இருக்கேனே."

"நானும் ஒண்ணும் சொல்லலையே."

அவர் சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆறுதலாவது தெரியும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் இல்லை. அப்பா இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு காலணி பளபளத்தது. மற்றதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்று நடைக்கும் போகவில்லை.

வியாழக்கிழமை பேராசிரியை அட்டவணைகளைப் புரட்டினார். எல்லாமே வகை எண் வரிசையில் அழகாக, அலமாரி மாதிரி இருந்தன.

"இது என்ன?"

"வாசகர்கள் எடுத்தது மேடம். வகை வாரியா."

"புத்தகம் அலமாரியில வகை வாரியா இருக்கும். ஆள் அப்படியா எடுக்கிறார்? இன்னைக்கு ஒண்ணு எடுப்பார், மூணு மாசம் கழிச்சு ஒண்ணு எடுப்பார். எதுக்குப் பின்னாடி எது வந்ததுன்னு உங்க அட்டவணையில எங்கே இருக்கு?" கடிகாரத்தைப் பார்த்தார். "ஒவ்வொரு வாசகரையும் தேதி வரிசையில போட்டுக் கொண்டு வாங்க. அப்புறம் இரண்டாம் அத்தியாயத்துல நீங்களே ஒண்ணு எழுதியிருக்கீங்க. எடுத்தவரே படித்தவர் என்று கொள்ளக் கூடாது. நல்ல வரி. அதை ஆய்வுல எங்கேயும் பயன்படுத்தலையே?"

கணினி அறைக்கு வந்து தேதி வரிசையில் போட்டாள். இந்த முறை அவள் யாரையும் தேடவில்லை. சொன்ன வேலையை ஒன்றிலிருந்து தொடங்கிச் செய்துகொண்டே வந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு தானாக வந்து கண்ணில் பட்டது.

முதல் பத்து மாதம் நரம்பு நோய்கள். நாலாம் மாதத்திலிருந்து நடுநடுவே வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது. பிறகு இரண்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன. ஒரு மாதம் எதுவும் இல்லை. அப்புறம் துக்கம் பற்றி மூன்று புத்தகம். அப்புறம் சொத்தும் வாரிசும். அதுவும் நின்றது. கடைசி ஐந்து மாதமாக 306. குடும்பம், திருமணம் என்று இரண்டு பொருள் உள்ள அந்த எண்ணில் குடும்பத்தை மட்டும் படித்துவிட்டு அவள் தாண்டிப் போயிருந்தாள். எல்லாவற்றுக்கும் கடைசியாக, சென்ற மாதத் தேதியில், வீட்டு அலங்காரம் இரண்டு.

நோயில் விழுந்த மனிதன் நோயைப் பற்றிப் படிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று பார்க்க மாட்டான்.

யாரோ ஒருவர் வீட்டில் யாரோ நோயில் படுத்திருந்தார்கள். இறந்தார்கள். பிறகு அந்த வீட்டார் சொத்துக் காரியங்களை ஒழுங்கு செய்தார்கள். அந்த யாரோ ஒருவருக்காக அப்பா இரண்டு பேருந்து ஏறிப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்ச நாளாகத் தனக்காகவும் எடுக்கிறார். பதினொரு சட்டை வெளியே போனது இடம் காலி செய்ய. பல் வைத்தியர், சர்க்கரை இல்லாத காபி, அம்மாவின் சான்றிதழ்: மனைவியை இழந்தவர் மறுபடி பதிவுத் திருமணம் செய்யும்போது காட்ட வேண்டிய தாள் அது.

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வந்தது பசி. கீழே போய் இரண்டு பன் வாங்கித் தின்றாள். இரண்டாவதைத் தின்னும்போதுதான் நாலு வருஷத்துக்கு முன்னால் தான் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது.

அத்தை வந்திருந்த நாள் அது. "அண்ணா, இப்படியே எத்தனை நாளைக்கு? ஒரு நல்ல துணையாப் பார்க்கட்டுமா?" என்று பாதி கேலியும் பாதி நிஜமுமாக ஆரம்பித்தாள். அப்பா சிரித்தபடி வாயைத் திறந்தார். மகள் அவரைப் பேச விடவில்லை. "அம்மா இடத்துக்கு ஒருத்தி வந்தா, அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க" என்றாள். அத்தை விளையாட்டு என்று சமாளித்தாள். அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். நாலு வருஷமாக அந்த வாய் மூடியே இருக்கிறது. பூட்டியது யார் என்று ஊர் ஊராகத் தேட வேண்டியதில்லை.

அவள் பயிற்சிக்குப் போய்விட்டால் கேட்கத் துணிவு வரும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அல்லது போவதற்கு முன்னால் கேட்டால், என்னை அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கொண்டு வருகிறீர்களா என்று கேட்பாளோ என்று பயந்திருக்கலாம். எப்படியோ, மகள் எதுவும் கேட்காமல் போனாலும் தப்பு, போகாமல் இருந்தாலும் தப்பு. தெரியும் என்று சொல்வது எல்லாவற்றையும்விடத் தப்பு. அப்பா தன் வாயால் சொல்ல வேண்டிய விஷயத்தை நூலகத்துக் கோப்பிலிருந்து திருடி அவரிடமே நீட்டுவது போல.

ஆனால் தான் சொன்ன வார்த்தை தன்னுடையதுதானே. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தப் பட்டியலும் தேவையில்லை, எந்தத் தாளும் தடுக்காது.

பேராசிரியை அறைக்குப் போய்ப் படிவத்தைக் கேட்டாள். அவர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "மை போகாது. புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க" என்று மற்றொன்றும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா மேசைக்கு வந்தபோது புதுப் படிவம் அவர் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது.

"மனசை மாத்திக்கிட்டேன்பா. போறேன். சாயங்காலத்துக்குள்ள இதைக் குடுக்கணும். அடுத்த மாசம் பத்தாம் தேதி கிளம்பணும்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். 'போகிறேன்' என்ற கட்டத்தில் இருந்த குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்ல காரியம் பண்ணினே" என்றார். முகத்தில் வெயில் வந்தது. வந்த வேகத்தில் ஒரு மேகமும் வந்தது.

"இன்னொண்ணுப்பா. ரொம்ப நாள் முன்னாடி அத்தை வந்திருந்தப்ப நான் ஒண்ணு சொன்னேன். முகத்துல முழிக்காதீங்கன்னு."

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா."

"நீங்க வச்சிருக்கீங்க. நானும் வச்சிருக்கேன். அது சின்னப்புள்ளத்தனமாச் சொன்னது. சொல்லியிருக்கக் கூடாது. அவ்வளவுதான், அதுக்கு மேல எதுவும் இல்ல."

அப்பா டம்ளரைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். மகள் ஏன் என்று கேட்கவில்லை. வாயில் வார்த்தை எதையும் திணிக்கவில்லை. வகுப்பில் கற்றதிலேயே கடினமானது சும்மா இருப்பதுதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ரெஃபரன்ஸ் மேசையில் கடைசியாகக் கேட்கிற கேள்வியை மட்டும் கேட்டாள்.

"நான் கிளம்புறதுக்கு முன்னாடி உங்களுக்கு வேற ஏதாவது வேணுமாப்பா?"

"ம்... அந்தக் கரண்ட் பில்லை போன்லயே கட்டுறது எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ."

"சொல்லித் தரேன்."

"துணி துவைக்கிற மிஷின்ல எந்தப் பட்டன்?"

"லிப்ட் மெக்கானிக் கேக்கிற கேள்வியாப்பா இது? சரி, எழுதி ஒட்டிட்டுப் போறேன். வேற?"

"அந்த நாற்காலியில இருக்கிற புத்தகத்தை எல்லாம் எடுத்துட்டுப் போயிடுவியா?"

"எடுத்துட்டுப் போயிடுவேன். நாற்காலி காலியாத்தான் இருக்கும்." படிவத்தை ஓரமாக நகர்த்தினாள். "வேற?"

அப்பா டம்ளரைச் சுற்றுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், மறுபடி எடுத்து மாட்டினார்.

"கிழக்கால ஒரு கட்டடம் இருக்கும்மா. அஞ்சு மாடி. நீ கார்டு போட்டுக் குடுத்த புதுசுல அங்க லிப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டு இருந்தாங்க. கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்தவங்க. கையில மருந்துப் பை. மேல அவங்க அம்மா படுத்த படுக்கை. அரை மணி நேரம் ஆச்சு திறக்க. வேற யாரா இருந்தாலும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாங்க. அவங்க வெளிய வந்து கேட்டாங்க, கீழ லைப்ரரி இருக்கு, வீட்டை விட்டு நகர முடியல, ஒரு புத்தகம் எடுத்துக் குடுக்க முடியுமா உங்களாலன்னு. நமக்குத்தான் கார்டு இருக்கே."

"இருக்கு" என்றாள் மகள்.

"அப்படி ஆரம்பிச்சது. அவங்க அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க. தம்பி ஒருத்தர் இருக்கார், தங்கமானவர். அவங்களும் தனி. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது, உங்க அம்மாவை நான்..."

"தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"அம்மாவைப் பத்தித் தெரியும்னு சொன்னேன். நீங்க சொல்லுங்க."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அது கிளம்புகிற வரை பொறுத்தார். பிறகு மகளைப் பார்த்து, இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கேட்டார்.

"பதிவு ஆபீஸ்ல ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போடணுமாம். ஒண்ணு அவங்க தம்பி போடுறார். இன்னொண்ணு, நீ ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, எனக்காக நீ வந்து போடுறியாம்மா?"